பெட்டியை விலை பேசுமுன் சுவரைப் பாருங்கள்

பட்டறை என்ற சொல்லைக் கேட்டதும் இந்தப் பக்கத்தின் வாசகர்களில் பெரும்பாலோருக்குக் கவிதைப் பட்டறை, சிறுகதைப் பட்டறை, நாடகப் பட்டறை என்றுதான் வரிசையாக நினைவுக்கு வரும். நாங்கள் இங்கே பேசப்போவது உளியும் ரம்பமும் பசையும் கிடக்கிற பட்டறையைப் பற்றி. கனடாவின் தென் ஒன்டாரியோவில், வீட்டோடு ஒட்டிய கராஜில், காரை வெளியே நிறுத்திவிட்டு நம்மவர்கள் அமைத்துக்கொள்கிற பட்டறை. எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்தவரும் உண்டு, தஞ்சாவூர்க்காரரும் உண்டு. சிலர் மரவேலை செய்கிறோம். சிலர் உதிர்ந்துகொண்டிருக்கும் பழைய சிற்றிதழ்களைத் தைத்து, ஒட்டி, பைண்டு செய்கிறோம். கார்த்திகை பிறந்துவிட்டால் நண்பர்களிடமிருந்து எங்களுக்கு வருவது ஒரே கேள்வி: "கராஜுக்கு எந்த ஹீட்டர் நல்லது?"

அந்தக் கேள்வியே பிழையானது என்பதுதான் எங்கள் வாதம். அது தானாகப் பிறந்த கேள்வியும் அன்று. ஹீட்டர் விற்பவர்கள் பல ஆண்டுகளாக நமக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி. அதற்குள் நின்று பதில் தேடுகிற ஒவ்வொருவரும் ஒன்று பணத்தை இழக்கிறார்கள், அல்லது உயிரைப் பணயம் வைக்கிறார்கள். எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சுவரும் கூரையும் கதவும் முதலில், ஹீட்டர் பிறகு. தன் புகையை அறைக்குள்ளேயே விடுகிற எந்த நெருப்பும் பட்டறைக்குள் வரக்கூடாது. இந்த இரண்டையும் ஏற்றுக்கொள்கிறவருக்கு மிச்சக் கட்டுரை வெறும் கணக்கு. ஏற்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

இலக்கியம் பேசுகிற இடத்தில் ஹீட்டருக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் எழுத்துச் சூழலில் கையால் செய்யும் எந்த வேலையையும் ஒரு படி கீழே வைத்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பது வாசகர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தச்சரும் கொல்லரும் பைண்டரும் இல்லாமல் எந்த நூலகமும் நின்றதில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சிற்றிதழை இன்றைக்கு நாம் எடுத்துப் படிக்க முடிகிறது என்றால் யாரோ ஒருவர் அதைத் தைத்து ஒட்டி வைத்தார் என்று பொருள். அந்தக் கைகள் விறைக்காமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பது இலக்கியத்துக்குப் புறம்பான விஷயமாக எங்களுக்குத் தோன்றவில்லை.

*

முதலில் கராஜ் என்பது என்ன என்று பார்ப்போம். அது காருக்காகக் கட்டப்பட்ட கொட்டகை. காருக்குக் குளிராது. ஆகவே கட்டியவர் அதன் சுவருக்குள் வெப்பக்காப்பை வைக்கவில்லை. பல வீடுகளில் கூரைப்பலகை அப்படியே அண்ணாந்து பார்த்தால் தெரியும். மேலேறும் பெரிய கதவு ஒரு மெல்லிய தகடு. அதன் நான்கு ஓரங்களிலும் விரல் நுழையாவிட்டாலும் காற்று நுழையும். கீழே வெறும் சிமென்ட் தரை. வீடு என்று நாம் அழைக்கும் அமைப்போடு ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்கிறது என்பதைத் தவிர, அதற்கும் திறந்தவெளிக்கும் வேறுபாடு குறைவு. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஹீட்டரை வைத்துவிட்டு, "இது சரியில்லை, இன்னும் பெரியதாக வாங்கவேண்டும்" என்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று கிணற்றைக் குறை சொல்வதற்கு ஒப்பானது.

கடைகளும் ஹீட்டர் பெட்டிகளும் நமக்குத் தருகிற வாய்பாடு ஒன்று உண்டு. அறையின் நீள, அகல, உயரங்களை அடியில் அளந்து பெருக்குங்கள், எத்தனை ஃபாரன்ஹீட் டிகிரி ஏற்றவேண்டுமோ அதனால் பெருக்குங்கள், பிறகு 0.133-ஆல் பெருக்குங்கள்; வருவது மணிக்கு இத்தனை பி.டி.யு. என்று சொல்லும். (பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் ஒரு பழைய ஆங்கிலேய அலகு, மணிக்கு 3.412 பி.டி.யு. ஒரு வாட்டுக்குச் சமம்.) இந்த வாய்பாட்டில் நீளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது, உயரம் இருக்கிறது. சுவர் எங்கே? அதன் தடிமன் எங்கே? ஒரு தகரக் கொட்டகைக்கும் பஞ்சு அடைத்த அறைக்கும் ஒரே விடையைத் தருகிற வாய்பாட்டை எதற்குக் கண்டுபிடித்தார்கள் என்றால், ஹீட்டர் விற்கத்தான்.

நாங்கள் சொல்வதை நம்பவேண்டாம். ஒரு தாளை எடுத்துக் கூடவே கணக்குப் போடுங்கள். 12 அடி அகலம், 22 அடி நீளம், 9 அடி உயரம் உள்ள ஒற்றைக் கார் கராஜை எடுத்துக்கொள்வோம். நீளவாட்டில் ஒரு சுவர் வீட்டோடு ஒட்டியது. வெளியே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ். உள்ளே 10 டிகிரி வேண்டும். வேறுபாடு 20 டிகிரி செல்சியஸ், அதாவது 36 ஃபாரன்ஹீட். கடைக்காரரின் வாய்பாட்டின்படி சுமார் 11,400 பி.டி.யு. வேண்டும்.

இப்போது வெப்பம் உண்மையில் போகிற வழிகளைப் பார்ப்போம். ஒரு பரப்பின் வெப்பத்தடையை ஆர் மதிப்பு என்பார்கள். சதுர அடியை 36-ஆல் பெருக்கி அந்த மதிப்பால் வகுத்தால் அவ்வழியே ஒரு மணி நேரத்தில் வெளியேறும் பி.டி.யு. கிடைக்கும். வெறும் கூரை 264 சதுர அடி. தடை 2 என்று கொண்டால் போவது 4,750. வெளிப்புறச் சுவர்கள் 351 சதுர அடி. தடை 3 என்றால் 4,200. கதவு 63 சதுர அடி. தகட்டுக்குத் தடை 1 என்றால் 2,270. மணிக்கு இரண்டு தரம் அறையின் காற்று முழுவதும் இடுக்குகள் வழியே மாறுகிறது என்று கொண்டால் அதில் 3,080. மொத்தம் ஏறத்தாழ 14,300 பி.டி.யு.; வாட்டில் சொன்னால் 4,200. தரை வழியே போவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதே கராஜில் கூரைக்கு ஆர் 30, சுவருக்கு ஆர் 15, கதவுக்கு ஆர் 9 அளவுக்கு வெப்பக்காப்பு வைத்து, இடுக்குகளை அடைத்து, காற்று மாறுவதை மணிக்கு அரைத் தரமாகக் குறைத்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். கூரை 320, சுவர் 840, கதவு 250, காற்று 770. மொத்தம் சுமார் 2,200 பி.டி.யு.; 640 வாட். தேவை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. கடைக்காரரின் வாய்பாடோ இப்போதும் அசையாமல் 11,400 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வெறும் கராஜில் அது போதாது. அடைத்த கராஜில் அது ஐந்து மடங்கு அதிகம். இரண்டு இடத்திலும் தவறான விடையைத் தந்துவிட்டு அறிவியல் போலத் தோற்றம் காட்டுகிற எண் அது.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு செய்தி தானாக வெளிவருகிறது. சுவரில் சாதாரண மின்முனையில் செருகுகிற சிறிய ஹீட்டர், அதாவது "அது பொம்மை, கராஜுக்கு உதவாது" என்று எல்லோரும் ஒதுக்குகிற 1,500 வாட் பெட்டி, மணிக்கு 5,100 பி.டி.யு. தருகிறது. வெறும் கராஜில் அது தோற்கிறது. அடைத்த கராஜில், தரை வழியே போவதையும் சேர்த்தாலும், அதே பெட்டி வேலையை முடித்துவிட்டு நடுநடுவே ஓய்வும் எடுத்துக்கொள்ளும். தோற்றது ஹீட்டர் அன்று, கட்டடம்.

*

அடுத்து மின்சார ஹீட்டர்களின் விளம்பர மொழி. பீங்கான் என்பார்கள், குவார்ட்ஸ் என்பார்கள், அகச்சிவப்பு என்பார்கள், எண்ணெய் நிரப்பியது என்பார்கள். ஒன்றைவிட மற்றொன்று மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் என்பார்கள். மின்தடையில் ஓடும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. 1,500 வாட் உள்ளே போனால் 1,500 வாட் வெளியே வருகிறது. 50 டாலர் பெட்டியிலும் அதுதான், 500 டாலர் பெட்டியிலும் அதுதான். வேறுபாடு அந்த வெப்பம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் மட்டுமே: விசிறி உள்ளது காற்றைச் சூடாக்கும், அகச்சிவப்பு வகை எதிரே இருக்கும் உடலையும் மேசையையும் சூடாக்கும். அது பயனுள்ள வேறுபாடு. நாங்களே பின்னால் அதைப் பரிந்துரைக்கப்போகிறோம். ஆனால் அதை மின்கட்டணக் குறைப்பு என்று பெயர் மாற்றி விற்பது வேறு.

இந்த மாயத்தின் உச்சம் 2008, 2009 ஆண்டுகளில் அமெரிக்க நாளிதழ்களில் வந்த முழுப்பக்க விளம்பரங்கள். அமிஷ் மக்கள் கையால் செய்த மரச் சட்டகம், அதற்குள் நெருப்புப் போலத் தோன்றும் மின் ஹீட்டர். ஹீட்டர் இலவசம், சட்டகத்துக்கு மட்டும் காசு. பொது மின்கம்பியைத் தம் வீட்டுக்குள் அனுமதிக்காத ஒரு சமயச் சமூகத்தின் பெயரால் மின் ஹீட்டர் விற்பனையானது. உள்ளே இருந்தது அதே 1,500 வாட். பிரதிக்கும் அட்டைக்கும் உள்ள உறவைப் பற்றி மணிக்கணக்காக விவாதிக்கிற நாம், இந்த அட்டையைப் பார்த்து ஏமாறவேண்டுமா?

மின்சார ஹீட்டருக்கு இன்னொரு எல்லை உண்டு. அதை எந்தப் பெட்டியிலும் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். வட அமெரிக்க வீட்டின் சாதாரண சர்க்யூட் 120 வோல்ட், 15 ஆம்பியர். 1,500 வாட் ஹீட்டர் ஒன்றே அதில் 12.5 ஆம்பியரை எடுத்துக்கொள்கிறது. அதே சர்க்யூட்டில் மேசை ரம்பத்தை ஓட்டினால் பிரேக்கர் விழும். விழுந்தால் பரவாயில்லை, அது அதன் கடமை. ஆபத்து, மெல்லிய நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கி வீட்டுக்குள்ளிருந்து மின்சாரம் இழுப்பதில்தான் இருக்கிறது. ஹீட்டருக்கு நீட்டிப்புக் கம்பி கூடாது என்று ஏறக்குறைய எல்லா ஹீட்டர்களின் கையேட்டிலும் எழுதியிருக்கிறது. கையேடு பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது.

*

இனி எங்கள் உண்மையான கோபத்துக்கு வருகிறோம்.

குளிர் கூடக்கூட, மின்சார ஹீட்டர் போதவில்லை என்றதும், நண்பர்கள் நகர்கிற அடுத்த படி புரோபேன். உருளையின் தலையிலேயே மாட்டுகிற வகை ஒன்று. கட்டட வேலையிடங்களில் நெருப்பைக் காற்றோடு ஊதித் தள்ளும் குழாய் வடிவ வகை ஒன்று. சுவரில் மாட்டும் புகைபோக்கியற்ற வகை இன்னொன்று. விலை குறைவு, மின்கம்பி வேண்டாம், 30,000 பி.டி.யு. நொடியில் கிடைக்கும். கூடவே "செயல்திறன் 99 விழுக்காடு" என்ற பெருமையும். அந்தப் பெருமையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். புகைபோக்கி உள்ள அடுப்பு ஏன் நூறு விழுக்காடு எட்டுவதில்லை? எரிந்து முடிந்த வாயுக்களை வெளியே அனுப்பும்போது கொஞ்சம் வெப்பமும் கூடப் போகிறது. புகைபோக்கியற்றது ஏன் எட்டுகிறது? எதையும் வெளியே அனுப்பாததால். ஆக, அந்த விழுக்காட்டின் மெய்யான பொருள், "எரிந்த கழிவு அனைத்தும் உங்களிடமே விடப்படும்" என்பது.

அந்தக் கழிவில் என்ன இருக்கிறது? ஒழுங்காக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும். ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் 1.6 கிலோவுக்கும் சற்று அதிகமான தண்ணீர் உண்டாகிறது. பள்ளிக்கூட வேதியியல் போதும் இதைக் கணக்கிட. 30,000 பி.டி.யு. ஹீட்டர் ஒரு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக அறைக்குள் விடுகிறது. வழக்கமான 20 பவுண்டு உருளை ஒன்று தீர்வதற்குள் ஏறத்தாழ 15 லிட்டர். அந்த ஆவி குளிர்ந்த இரும்பைத் தேடிப் போய்ப் படியும். இழைப்புளியின் அடித்தகடும் ரம்ப மேசையும் துருப்பிடிப்பது அப்படித்தான். தாள் இந்த ஈரத்தைக் குடித்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே உப்பும், காய்ந்ததும் சுருங்கும், ஒட்டிய அட்டை வளைந்துகொள்ளும். அரிய இதழ் ஒன்றைக் காப்பாற்றப்போய் அதை நனைத்துவைக்கிற ஹீட்டரை எந்தக் கணக்கில் மலிவு என்பது?

இது ஒழுங்காக எரிந்தால். மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக்குறைய எரிதல் அரைகுறையாகும். கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், களைப்பு. மூன்றையும் பட்டறையில் நாலு மணி நேரம் நின்றவர் வேலைக் களைப்பு என்றே எடுத்துக்கொள்வார். கராஜ் வீட்டோடு ஒட்டியது. நடுச்சுவரில் ஒரு கதவு இருக்கிறது. அந்த வாயு பட்டறைக்காரரோடு நின்றுவிடாது. மேல்மாடியில் உறங்கும் குழந்தையையும் தேடிப் போகும்.

"ஆக்சிஜன் குறைந்தால் தானே அணைந்துவிடும் கருவி அதில் இருக்கிறது" என்பார்கள். இருக்கிறது. அது காற்றில் ஆக்சிஜன் இறங்குவதைக் கவனிக்கிறதே ஒழிய, கார்பன் மோனாக்சைடை அளப்பதில்லை. பர்னரில் மரத்தூள் அடைந்து அரைகுறையாக எரிந்தால், ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே விஷம் உண்டாகலாம். மரத்தூள் இல்லாத பட்டறை எங்கே இருக்கிறது? "கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போயிற்று" என்பார்கள். கையேடும் அதைத்தான் சொல்கிறது. குளிர் தாங்காமல் ஹீட்டர் வாங்கி, ஹீட்டரைத் தாங்குவதற்காகக் குளிரை உள்ளே அழைக்கிற இந்த ஏற்பாட்டுக்கு நூறு விழுக்காடு செயல்திறன் என்று பெயர்! கலிஃபோர்னியா மாநிலம் புகைபோக்கியற்ற எரிவாயு ஹீட்டர்களை வீடுகளில் அனுமதிப்பதில்லை. தலையில் மாட்டும் வகையின் மேலேயே வெளியிடத்துக்கு மட்டும் என்று அச்சிட்டிருக்கிறது.

2008 டிசம்பரில், இதே ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில், ஒரு பெண் காவல் அலுவலரும் அவருடைய கணவரும் இரண்டு குழந்தைகளும் தங்கள் வீட்டிலேயே கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. குடும்பத்தின் உறவினர் ஆண்டுக்கணக்காகப் போராடியதன் விளைவாக 2013-இல் ஹாக்கின்ஸ் ஜிக்னாக் சட்டம் ஒன்டாரியோவில் நிறைவேறியது. வீடுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. எரிபொருள் அடுப்பு உள்ள வீட்டுக்கு மட்டுமன்றி, ஒட்டிய கராஜ் உள்ள வீட்டுக்கும் அது பொருந்தும். அந்த வீட்டில் இருந்தது புகைபோக்கி உள்ள கணப்பு. அது அடைபட்டதே நால்வரைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. புகைபோக்கியே இல்லாத ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அதை மாட்டுவதற்கு முன்னால் கதவு இடுக்குகளையும் அடைத்துவைக்கிற நண்பருக்கு நாங்கள் என்ன பெயர் சொல்வது?

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் பெரிய கடை ஒன்றில், கராஜில் வைக்கத்தான் என்று வெளிப்படையாகச் சொல்லியே, வெளியிடத்துக்கான ஹீட்டர் ஒன்றை வாங்கிவந்தார். விற்றவர் மறுக்கவில்லை, எச்சரிக்கவுமில்லை, கூடவே ஓர் உருளையும் விற்றார். அந்தக் கடையின் பெயரைச் சொல்வதால் ஆவது ஒன்றுமில்லை. இன்னொரு கடையிலும் இதுவேதான் நடந்திருக்கும்.

நெருப்பைப் பற்றிப் பேசும்போது பெட்ரோலை மறக்கக்கூடாது. புல்வெட்டியும் பனித்தள்ளியும் அதன் கேனும் பெரும்பாலான கராஜ்களின் மூலையில் இருக்கின்றன. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். குளிர்காலம் என்பதால் அது அடங்கியிருக்காது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து செல்லும். கராஜில் தீப்பொறி உண்டாக்கும் எந்த அடுப்பும் தரையிலிருந்து 18 அங்குலமாவது உயர்ந்திருக்கவேண்டும் என்று வட அமெரிக்க விதிகள் சொல்வது இதனால்தான். வார்னிஷும் தின்னரும் பூசுகிற நாளில் எந்தச் சுடரும், சிவந்த கம்பிச்சுருளும் கூடாது என்பதற்கு விதிப்புத்தகம்கூட வேண்டியதில்லை.

*

எங்கள் கட்சிக்கு எதிரான வாதங்களையும் நேர்மையாக எடுத்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது: "சுவரை அடைக்கப் பணம் ஆகும்." ஆகும். ஆனால் அது ஒருமுறைச் செலவு. 4,200 வாட்டுக்கும் 640 வாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு மாதமும் கட்டணத்தில் கட்டிக்கொண்டிருப்பதும் செலவுதான். எல்லாவற்றையும் ஒரே குளிர்காலத்தில் செய்யவேண்டியதில்லை. கதவோரங்களுக்கு ரப்பர் பட்டையும் இடுக்குகளுக்கு அடைப்பும் ஒரு சனிக்கிழமை வேலை, மலிவானதும் அதுதான். அடுத்தது கூரை, பிறகு சுவர், கடைசியில் கதவு. நுரைப்பலகை வைப்பவர்கள் அதை அப்படியே திறந்து விட்டுவிடக்கூடாது. தீப்பிடித்தால் விஷப்புகை விடும். மேலே ஜிப்சம் பலகை அடித்தாகவேண்டும்.

இரண்டாவது, இதைவிட வலுவானது: "நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். சுவரைத் தொட எங்களுக்கு உரிமையில்லை." இந்த நண்பர்களுக்குச் சுவரை அடை என்று உபதேசம் செய்வது அறமாகாது. அவர்களுக்கு நாங்கள் சொல்வது: அறையைச் சூடாக்கும் ஆசையை விட்டுவிடுங்கள், ஆளைச் சூடாக்குங்கள். மேசைக்கு எதிரே ஓர் அகச்சிவப்பு மின்தகடு, காலடியில் தடித்த ரப்பர் பாய், கதவுக்கு உள்ளே ஒரு கனத்த திரை. காற்று 5 டிகிரியில் இருந்தாலும் கை வேலை செய்யும். பசை மட்டும் செய்யாது. பைண்டிங்குக்கும் மரத்துக்கும் நாம் பயன்படுத்தும் வெள்ளைப் பசைக்குப் பொதுவாக 10 டிகிரியாவது வேண்டும், அதற்குக் கீழே அது படலமாகாமல் சுண்ணாம்புப் பொடி போல வெளுத்துக் காயும், பிணைப்பு நிற்காது. எனவே வெட்டுவதும் இழைப்பதும் கராஜில், ஒட்டுவதும் காயவைப்பதும் வீட்டுக்குள்ளே. பசைப் புட்டியையும் இரவில் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். உறைந்து தெளிந்த பசையை நம்பக்கூடாது.

மூன்றாவது: "வீட்டு ஃபர்னஸிலிருந்து ஒரு குழாயை இந்தப் பக்கம் திருப்பினால் ஹீட்டரே வேண்டாமே?" மிகக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும் யோசனை இது, மிக ஆபத்தானதும் இதுவே. அந்தக் குழாய் கராஜின் புகையையும் பெட்ரோல் ஆவியையும் தூசியையும் எல்லாப் படுக்கையறைகளுக்கும் விநியோகிக்கிற வழியாகிவிடும். கட்டட விதிகள் இதைத் தடுக்கின்றன. வீட்டுக்கும் கராஜுக்கும் இடையே உள்ள சுவரும் கதவும் காற்றுப் புகாமல் இருக்கவேண்டும் என்பதே விதி. அதில் ஓட்டை போடுவதற்கு எந்தக் குளிரும் நியாயமாகாது.

நான்காவது: "ஊரில் விறகடுப்புப் புகையிலேதானே வளர்ந்தோம்?" ஊரில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிதான் நம்மைக் காப்பாற்றியது. அப்படியும் நம் தாய்மாரின் நெஞ்சையும் கண்ணையும் அந்தப் புகை என்ன செய்தது என்பதை மறந்துவிட்டு ஏக்கம் கொள்வது நல்லதன்று.

*

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? சுவர் வேலை முடிந்தபின் இந்தக் கேள்விக்கு மூன்று நேர்மையான பதில்கள் உண்டு.

வாரம் ஓரிரு நாள் வேலை செய்பவருக்கு, கூரையிலோ சுவரிலோ நிலையாகப் பொருத்தும் 240 வோல்ட் மின் ஹீட்டர். 5,000 வாட் வகை சுமார் 21 ஆம்பியர் எடுக்கும். அதற்கென்று தனி 30 ஆம்பியர் சர்க்யூட் வேண்டும். ஒன்டாரியோவில் அந்த வேலையை மின் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவித்துப் பரிசோதனைக்கு உட்படுத்தவேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுவது உத்தமம். மரத்தூள் படிகிற இடம் ஆதலால் மாதம் ஒருமுறையாவது அணைத்து ஆறவைத்துத் துடைக்கவேண்டும்.

தினமும் வேலை செய்பவருக்கும் வீட்டில் இயற்கை எரிவாயு இணைப்பு உள்ளவருக்கும், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்து, புகையை வெளியிலேயே விடும் மூடிய வகை எரிவாயு ஹீட்டர். அதன் நெருப்பு நம் அறையின் காற்றைத் தொடுவதில்லை. உரிமம் பெற்றவர்தான் பொருத்தவேண்டும். பனி விழும் ஒவ்வொரு நாளும் அதன் வெளிவாய் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

நீண்டகாலம் அதே வீட்டில் இருக்கப்போகிறவருக்கு, வெப்ப ஏற்றி, அதாவது ஹீட் பம்ப். வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே கடத்துவதால், பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் தான் எடுக்கும் மின்சாரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு வெப்பத்தைத் தருகிறது. கடுங்குளிரில் அந்த மடங்கு குறையும். குளிர்நாடுகளுக்கென்றே வடிவமைத்த வகைகள் மைனஸ் 25 டிகிரியிலும் ஓடும். முதல் செலவு அதிகம். கோடையில் குளிரூட்டவும் செய்யும்.

மூன்றில் எதுவானாலும், வீட்டுக்குள்ளே, படுக்கையறைகளுக்கு அருகே, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருந்தேயாகவேண்டும். அதைக் கராஜுக்குள் மாட்டி நிம்மதி அடையவேண்டாம்; பெரும்பாலான கருவிகள் சுமார் 4 டிகிரிக்குக் கீழே சரியாக இயங்கும் என்று அவற்றைச் செய்தவர்களே உறுதி தருவதில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, "எல்லாம் சரி, மலிவான புரோபேன் பெட்டி ஒன்றின் பெயரை மட்டும் சொல்லுங்கள்" என்று எழுதப்போகிற நண்பர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருக்கு எங்கள் பதில் இப்போதே தயார். நீங்கள் அரும்பாடுபட்டுச் சேர்த்து வைத்திருக்கும் இதழ்களை அடுத்த தலைமுறை எடுத்துப் படிக்கவேண்டும் என்று விரும்புகிறீர்கள். அதற்காகத்தானே இந்தக் குளிரிலும் ஊசியும் நூலுமாக நிற்கிறீர்கள்? அந்தத் தலைமுறை இப்போது மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறது. முதலில் கதவோரத்துக்கு ரப்பர் பட்டை வாங்குங்கள்.